விமானம் வைத்திருந்த சக்கரபாணி அண்ணன்

ஆராயியின் மகள் பிள்ளை பெற்றுத் தாய் வீட்டில் படுத்திருந்த பத்து நாளும் சக்கரபாணி அண்ணன் தன் விமானத்தைக் கையால்தான் தள்ளிக்கொண்டு போனார். ஆராயி வேட்டவலம் ரோட்டில் அவருடைய புன்செய்க் கொல்லையை ஒட்டி ஆடு மேய்த்துப் பிழைத்தவள். அவள் குடிசைக்கு எதிரிலேயே விமானம் நிற்கும் தகரக் கொட்டகை. இன்ஜினைப் போட்டால் குடிசையில் அடுக்கி வைத்த பாத்திரமெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். அண்ணன் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரெக்கைக்கு முட்டுக் கொடுத்த கம்பியில் தோளை வைத்து, உழுகிற மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கொல்லையின் மறுகோடிக்குத் தள்ளிப் போய் அங்கே கிளப்புவார்.

ஒரு நாள் நானும் கை கொடுத்தேன். "இன்னாத்துக்குண்ணா இந்தப் பாடு? இங்கேயே போடலாமில்ல?" என்று கேட்டேன்.

"தொப்பை ஜாஸ்தியாயிடுச்சு டைலரே. டாக்டர் எதையாவது தள்ளுன்னு சொன்னாரு" என்றார்.

ஆராயிக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. "வண்டி ரிப்பேரு போல, பாவம் மொதலாளி" என்று அவள்தான் அவருக்காக இரக்கப்பட்டாள்.

நான் சின்னக்கடைத் தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டுத் தைப்பவன். ஐந்தாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. அண்ணாமலையார் கொடுத்த தொழில் இது. அவர் புண்ணியத்தில் சோற்றுக்குக் குறைவில்லை. விமானத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்தேன். ஆனால் அந்த விமானத்தின் ரெக்கைத் துணியைத் தைத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

சக்கரபாணி அண்ணன் ஜமீனும் இல்லை, பெரிய மில் முதலாளியும் இல்லை. கிணற்றுக்கு வைக்கிற ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர். எந்தக் கிராமத்தில் பம்பு நின்றாலும் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் அப்பா விட்டுப்போன எண்ணெய் மில்லில் அவருக்கும் அவர் தம்பிக்கும் சம பாகம். ஒரு தடவை மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கிளப் ஒன்றில் கிணற்று இன்ஜின் நின்றுவிட்டது என்று யாரோ இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் இன்ஜின் ஓடியது. சந்தோஷத்தில் அங்கே இருந்த ஒருவர் இவரைக் குட்டி விமானத்தில் உட்காரவைத்து வானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். அப்போது அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. ஊருக்குத் திரும்பி வந்தவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் மாதம் இரண்டு தடவை மெட்ராஸ் பஸ் ஏறினார். ஓட்டக் கற்று, பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கினார். 1973-இல் கிளப்பில் பழசாகிப்போன விமானம் ஒன்றை விற்றார்கள். மில்லில் தன் பாகத்தைத் தம்பிக்கே கொடுத்துவிட்டு அதை வாங்கிவிட்டார். இரண்டே இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தலைக்கு மேலே ரெக்கை. உடம்பும் ரெக்கையும் இரும்பு என்று நான் நினைத்திருந்தேன். கிட்டே போய்த் தொட்டால் துணி. துணிக்கு மேலே வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. பேர் புஷ்பக் என்று எழுதியிருந்தது. "பேர் பொருத்தம் சரியா கீது" என்று ஊரில் பெரியவர்கள் தேங்காய் உடைத்துப் பூசை போட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த கொல்லையைச் சமமாக்கி, அங்கிருந்துதான் பறப்பார். மலைக்கு மேலேயோ மலையைச் சுற்றியோ ஒரு நாளும் பறந்தது கிடையாது. "தீபம் ஏத்துற எடத்துக்கு மேல நான் போவமாட்டேன். சாமி தலைக்கு மேல காலை நீட்டுற மாதிரி" என்பார்.

அவர் சம்சாரம் ஜோதியம்மாள். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனமான பக்தி. ஒரே மகள் சரோஜாவுக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்து பிழைக்கமாட்டாள் என்றானபோது, பன்னிரண்டு பௌர்ணமி கிரிவலம் வருவதாக அந்த அம்மாள் வேண்டிக்கொண்டார்கள். பெண் பிழைத்தாள். ஒவ்வொன்றாகப் பதினொரு பௌர்ணமி வெறுங்காலில் நடந்து முடித்தார்கள். பன்னிரண்டாவதற்கு நாலு நாள் இருக்கும்போது கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுக்கை. அப்புறம் எழுந்து தடி ஊன்றி வீட்டுக்குள் நடந்தார்கள். ஒன்பது மைல் மலையைச் சுற்றி நடக்க இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுற்று ஒன்று பாக்கி நின்றது. சரோஜா வளர்ந்து கல்யாணத்துக்கு வந்துவிட்டாள். 1977-இல் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளை பங்குனியில் துபாய் போகவேண்டியவர், அதனால் மாசியில் முகூர்த்தம் என்று பேசினார்கள். அப்போதுதான் அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்தார்கள்.

"அந்த உசுரை நான் கேட்டு வாங்கினேன். சொன்னதை முடிக்காம அவ கழுத்துல தாலி ஏறக்கூடாது" என்றார்கள்.

"மாட்டு வண்டியில போயிட்டு வாயேன்" என்றார் அண்ணன்.

"மாடு நடந்தா புண்ணியம் மாட்டுக்குத்தாங்க."

"அப்ப காருல போ."

"கார்க்காரனுக்கு."

அண்ணன் மோவாயைத் தடவினார். நான் அன்றைக்கு அந்த அம்மாளுக்கு ரவிக்கை அளவு வாங்கப் போயிருந்தேன். "ஏரோப்ளேன்ல?" என்று கேட்டார் அண்ணன். "அதுல எவனும் நடக்கலை, எதுவும் நடக்கலை. ஓட்டுறவன் உன் புருஷன். புருஷன் புண்ணியத்துல பாதி பொண்டாட்டிக்குன்னு சாஸ்திரமே சொல்லுது."

"அப்ப பாதிதானே கெடைக்கும்" என்றார்கள் ஜோதியம்மாள்.

ஆனால் வேறு வழி தெரியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: செருப்பில்லாமல் ஓட்டவேண்டும். அண்ணன் தலையாட்டினார்.

புரட்டாசி பௌர்ணமி. சாயங்காலம் நாலரை மணி, வெயில் நன்றாக இருந்தது. ஒரு முக்காலியைப் போட்டு, நான் ஒரு பக்கமும் ஆராயி ஒரு பக்கமும் தாங்கி, அந்த அம்மாளை வலது பக்கத்துச் சீட்டில் ஏற்றினோம். "மூட்டையை ஏத்துற மாதிரி ஏத்துறீங்களே" என்று அவர்களே சிரித்தார்கள். அண்ணன் செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறினார். ஓட்டுகிறவருக்கு இடது பக்கம்தான் இடம். விமானம் கொல்லையில் ஓடி மேலே எழும்பியது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அது வேங்கிக்கால் பக்கம் போய் மலைக்குப் பின்னால் மறைந்தது.

பக்கத்தில் நின்ற ஆராயி வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாண்ணா இது, பொணத்தைச் சுத்துற மாதிரி எடமா சுத்துறாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலை எப்போதும் நமக்கு வலது கைப்பக்கம் இருக்கவேண்டும். கோயிலிலிருந்து கிளம்பினால் தெற்கே போய், மேற்கே திரும்பி, வடக்காக வரவேண்டும். பிறந்த குழந்தைக்கும் தெரியும். இவர் வடக்கே போய்விட்டார். கையைக் கையை ஆட்டினேன். வானத்தில் இருப்பவருக்குத் தரையில் ஆட்டுகிற கை எங்கே தெரியும்?

இறங்கினதும் அண்ணன் முகம் மலர்ந்திருந்தது. அந்த அம்மாள் முகம் செத்திருந்தது.

"மலையே தெரியலையே தம்பி" என்றார்கள் என்னிடம். "வேங்கிக்கால் ஏரி தெரிஞ்சுது. காஞ்சி ரோடு தெரிஞ்சுது. மலை எங்கன்னு பாத்தா இவருக்கு அந்தாண்ட கீது. பதினோரு தபா மலையைப் பாத்துக்கிட்டே நடந்தவ, பன்னெண்டாம் தபா முதுகைக் காட்டிட்டு வந்திருக்கேன்."

அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கிளப்பில் எப்போதும் இடது பக்கமாகத் திரும்பித்தான் பழக்கினார்களாம். மலை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் இடிக்காமல் போகலாம் என்று கையும் காலும் தானாக அப்படியே போய்விட்டன. பிறந்ததிலிருந்து மலையை வலமாகச் சுற்றியவர், மேலே ஏறினதும் கிளப்புக்காரராகிவிட்டார்.

கிரிவலப் பாதையில் நடந்தவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். மறுநாள் என் மிஷின் அருகே நின்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஒருவர், "இந்த வருஷம் மழை கம்மியாத்தான் பெய்யும் பாரு" என்றார். அண்ணன் தெருவில் தலை குனிந்து நடந்தார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். "தம்பி, நீ நித்தம் கோயிலுக்குப் போறவன். சொல்லு. பாக்கி ஒண்ணா, ரெண்டா?"

எனக்கு சாஸ்திரம் தெரியாது. தெரிந்தது தையல். "கோணத் தையல் விழுந்தா மொதல்ல அதைப் பிரிக்கணும்மா. அப்புறம்தான் மறுபடி தைக்கணும். ஒரு சுத்து பிரிக்கிறதுக்கு, ஒரு சுத்து தைக்கிறதுக்கு. வலமா ரெண்டு போனா சரியாயிடும்" என்றேன்.

அந்த அம்மாள் யோசித்துவிட்டு, "அது நியாயமா கீது" என்றார்கள். "அப்ப மாசிக்குள்ள ரெண்டு சுத்து."

ஆனால் அடுத்த பௌர்ணமிக்கு முன்னாலேயே மெட்ராஸிலிருந்து மூர்த்தி சார் வந்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை விமானத்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர். அவர் கையெழுத்து இல்லாமல் பறக்கக்கூடாது. அவர் ரெக்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. இன்னொரு இடத்தில் அழுத்தினார், அங்கேயும் போனது.

"துணி செத்துப்போச்சு சக்கரபாணி. முழுக்க மாத்தணும். இதுல யாரையாவது ஏத்தினீங்களா?"

கொட்டகை ஓரம் கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்ட ஜோதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எடமா சுத்தியும் எறக்கிவிட்டிருக்காரே அண்ணாமலையாரு" என்றார்கள்.

துணி மெட்ராஸிலிருந்து வரும், தைக்க ஆள் வர மூன்று மாதம் ஆகும் என்றார் மூர்த்தி சார். அண்ணன் என்னைக் காட்டினார்.

"ஜாக்கெட் தைக்கிறவரா ரெக்கை தைக்கப் போறாரு?"

"ஜாக்கெட்ல ஒரு நூல் விட்டுச்சுன்னா தெருவே சிரிக்கும் சார். அந்த பயத்தோட இருவது வருஷமா தைக்கிறவரு."

மூர்த்தி சார் என்னை ஒரு துண்டு தைக்கச் சொன்னார். இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பார்த்தார். தையல் ஓரம் துணி கிழிந்தது, தையல் விடவில்லை. "சரி. நான் பக்கத்துல இருந்து பாப்பேன்" என்றார்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. அந்த நாலு பேரில் ஒருவர் சொன்ன மாதிரி கம்மியாகப் பெய்யவில்லை, ஏரியெல்லாம் நிரம்பி வழிந்து கோடி போனது. மேலே பூசுகிற பூச்சு ஈரக் காற்றில் வெள்ளை பூத்துக் கெட்டுவிடும் என்பதால் நாங்கள் காத்திருந்தோம். தீபம் முடிந்து மார்கழி வெயில் வந்த பிறகுதான் வேலை தொடங்கினோம். மூர்த்தி சார் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து தங்கினார்.

மிஷினில் பெரிய உறை தைத்து ரெக்கைக்கு மாட்டினோம். அப்புறம் உள்ளே இருக்கிற மரச் சட்டங்களோடு சேர்த்துக் கையால் தைக்கவேண்டும். ரெக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். முழ நீள ஊசியை நான் குத்தி அனுப்புவேன், அவர் வாங்கித் திருப்பி அனுப்புவார். மூன்று விரற்கடைக்கு ஒரு முடிச்சு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும்.

"டைலரே, பயமா கீதா?"

"ஜாக்கெட்டுன்னா கீழ வந்து சண்டை போடுவாங்கண்ணா. இதுல தையல் விட்டா சண்டை போடவே ஆள் வராது."

அந்தப் பக்கம் சிரித்துச் சிரித்து ஊசி வர வெகு நேரமானது. அப்புறம் அவர் சொன்னார்: "எனக்கு இதுமேல ஆசை. அவளுக்கு அதுமேல நம்பிக்கை. என் ஆசையை வெச்சு அவ நம்பிக்கையைக் கெடுத்துட்டேன். இது பலிக்காட்டி விமானத்தை வித்துடுவேன்."

ஒவ்வொரு முடிச்சுக்கும் நான் அருணாசலா என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு ரெக்கைக்கும் எத்தனை முடிச்சு என்று கேட்டால் தெரியாது. சொன்ன நாமத்தை நான் எண்ணுவதில்லை.

தைப்பூசத்தன்று மூர்த்தி சார் மறுபடி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. கையெழுத்துப் போட்டார்.

அதே நாள் மத்தியானமே பௌர்ணமி கூடிவிட்டது. நாலு மணிக்கு ஜோதியம்மாளை ஏற்றினோம். அன்றைக்கு அவர்கள் சிரிக்கவில்லை. இன்ஜினைப் போடுவதற்கு முன் அண்ணன் சொன்னதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

"வலமா போனா மலை உன் பக்கம் வரும். வலது பக்கம் சாஞ்சா அந்த ரெக்கை கீழ எறங்கி எனக்கு மறைச்சுடும். எனக்கு மலை தெரியாது ஜோதி. நீதான் சொல்லணும். கிட்ட போறமா, தள்ளிப் போறமா, எங்க திரும்பணும், எல்லாம்."

"நான் சொல்லி நீங்க என்னிக்குங்க கேட்டிருக்கீங்க?"

"இன்னிக்குக் கேக்கறேன்."

மேலே நடந்தது அவர்கள் இருவரும் பிறகு எனக்குச் சொன்னதுதான். கீழே பார்த்தால் அந்த அம்மாளுக்குத் தெரிந்த பாதை. பதினொரு தடவை நடந்து தேய்த்த பாதை. "அதோ அக்னி லிங்கம். நேரா போங்க. ரமணாசிரமம் வந்துடுச்சு. இப்ப ஜாஸ்தி கிட்ட போறீங்க, தள்ளிப் போங்க. நிருதி லிங்கம் தாண்டிட்டோம், இப்ப திரும்புங்க. இங்க ஒரு புளியமரம், இதாண்ட உக்காந்துதான் எப்பவும் காலைத் தேச்சுக்குவேன். அடி அண்ணாமலை கோபுரம், கும்பிட்டுக்கங்க. ஐயோ வேணாம், கையை எடுக்காதீங்க, நானே உங்களுக்கும் சேத்துக் கும்பிடறேன்." குபேர லிங்கம், ஈசான லிங்கம் என்று சொல்லிக்கொண்டே வந்து, கோயில் கோபுரங்களுக்கு வெகு வெளியே முதல் சுற்றை முடித்தார்கள். நிற்காமல் இரண்டாவது சுற்று. அண்ணன் அவர்கள் சொன்ன இடத்தில் திரும்பினார், சொன்ன இடத்தில் நேராகப் போனார். ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை.

கீழே நான் விமானத்தைப் பார்க்காமல் ரெக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தில் தையல் தெரியாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

பொழுது சாய்வதற்கு முன் இறங்கிவிட்டார்கள். ஜோதியம்மாள் இறங்கிய உடனே தடியைக் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணில் தண்ணீர்.

"தம்பி, இதுல பாதி இல்ல. முழுசும் என்னுதுதான். நான்தான் வழி காட்டினேன்" என்றார்கள்.

"நான் வெறும் மாடு" என்றார் அண்ணன், செருப்பை மாட்டிக்கொண்டே.

"அப்ப புண்ணியம் மாட்டுக்குத்தானே" என்று ஆராயி எடுத்துக்கொடுத்தாள். கொல்லை முழுக்கச் சிரிப்பு.

மாசியில் சரோஜா கழுத்தில் தாலி ஏறியது. பெண்ணுக்கும் தாய்க்கும் ரவிக்கை நான் தைத்தேன். ஊரில் அப்புறம் யாரும் அண்ணனை ஒன்றும் சொல்லவில்லை. தை பௌர்ணமியில் விமானம் வலமாக வந்ததையும் பாதையில் நடந்தவர்கள் பார்த்திருந்தார்களே.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்த விமானம் எங்கள் கொல்லையில் இருந்தது. அவர் கொல்லையை எங்கள் கொல்லை என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பௌர்ணமியில் அவர்கள் இருவரும் சுற்றி வருவார்கள். எப்போதும் வலமாக, அந்த அம்மாள் எப்போதும் வலது பக்கத்துச் சீட்டில். ஊர்க்காரர்கள் அண்ணனைப் பிடித்து, மேலே இருந்து மலை எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். "ஜோதியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த அம்மாளும் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

1986-இல் அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் ஆன பிறகு இனி ஓட்டக் கூடாது என்றார்கள். அவர் வருத்தப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேறு ஊர்க் கிளப் ஒன்றுக்கு விமானத்தைக் கொடுத்தார். லாரியில் ஏற்றிப்போக ரெக்கையைக் கழற்றினபோது என் முடிச்சுகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை. அண்ணாமலையார் கிருபை.

சரோஜாவும் மாப்பிள்ளையும் துபாயிலிருந்து திரும்பி ஓசூரில் வீடு கட்டியிருந்தார்கள். கூடவே வந்து இருங்கள் என்று கூப்பிட்டார்கள். புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயிருந்தேன். ஜோதியம்மாளை முன் சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்தோம். செங்கம் வழி போகிற பஸ். மலை எந்தப் பக்கம் வரும் என்று கண்டக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் உட்கார்ந்தார்கள். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. அண்ணன் கீழே இறங்கி என்னிடம் வந்தார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். இனி கேட்க முடியாது என்று கேட்டுவிட்டேன். "அண்ணா, எல்லாரும் ஜோதியம்மா சொல்லித்தான் கேட்டிருக்கோம். நீங்க ஒரு தபாகூட மேல இருந்து நல்லா பாத்ததில்லையா, மலையை?"

அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மாள் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"பாத்தேன் டைலரே. எடமா சுத்துனமே, அன்னிக்குப் பூரா என் பக்கம்தானே இருந்துச்சு. அவ்ளோ அழகு. அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.